பதினைந்து வோல்ட் சுருதி

நம் வீட்டு மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. நொடிக்கு 50 அலை. மேல்நாட்டு ஸ்வரக் கணக்கில் அது 'ஜி'யைவிடச் சற்று ஏறி, 'ஜி ஷார்ப்'பை எட்டாமல் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதே மின்சாரம் ஒரு பிரிட்ஜின் நான்கு டயோடுகளைத் தாண்டி வந்தால் 100 அலையாகிறது. ஸ்வரம் அதேதான், ஸ்தாயி மட்டும் ஒன்று மேலே. பழைய சிந்தசைசர் ஒன்று இரைகிறது என்று யாராவது கொண்டுவந்தால், மீட்டரை எடுக்கும் முன்னால் அந்த இரைச்சல் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று காதால் பார்த்துக்கொள்வது என் பழக்கம். கீழ் ஸ்தாயி என்றால் எர்த்திலோ ஒயரிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ கோளாறு, இல்லையென்றால் பிரிட்ஜில் ஒரு டயோடு போயிருக்கும். மேல் ஸ்தாயி என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டன்சர்மேல். காது தீர்ப்புச் சொல்லிவிடாது. ஆனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டிவிடும்.

இதைச் சொல்லிக்கொடுத்தவர் வாத்தியம் வாசிப்பவர் அல்ல. எண்பதுகளில் நான் எடுபிடியாகச் சேர்ந்த வடபழனிக் கடையின் முதலாளி. வால்வு ரேடியோவில் தொழில் பழகியவர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். சுற்றிலும் ஸ்டூடியோக்கள் இருந்ததால் ரேடியோ, டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் என்று இருந்த கடைக்கு ஆர்கனும், அதன் பின்னாலேயே சிந்தசைசரும் வந்தன. எதற்கும் சர்க்யூட் படம் கிடையாது. முதல்முதலாக ஒரு சிந்தசைசரின் மூடியைத் திறந்து உள்ளே இருந்த போர்டுகளைப் பார்த்து நான் மலைத்து நின்றபோது அண்ணன் சொன்னார்: "எந்த ஊர்ப் பெட்டியா இருந்தா என்னடா தம்பி, கரண்ட் சுவத்துலேர்ந்துதானே வருது? அங்கேருந்து பாத்துக்கிட்டே வா."

நாங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஜப்பான் பெட்டிகள். 1981-இல் ரோலண்டின் ஜுபிடர்-8, கோர்க்கின் பாலிசிக்ஸ், 1982-இல் ஜூனோ-60, 1983-இல் யமஹா டிஎக்ஸ்-7, 1984-இல் ஜூனோ-106 என்று வரிசையாக வெளிவந்துகொண்டிருந்த காலம். வெளிநாடு போய்வந்தவர்களின் பெட்டிகளோடும், பர்மா பஜார் வழியாகவும் அவை சென்னைக்கு வந்துசேர்ந்தன. 1986-இல் 'புன்னகை மன்னன்' வெளியானபோது கம்ப்யூட்டரில் செய்த இசை என்று ஊரே பேசியது. மெல்லிசைக் குழு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிந்தசைசராவது வேண்டும் என்று ஆனது. வாங்கியவர்கள் கடன்பட்டு வாங்கினார்கள். வாங்கிய பெட்டி எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது என்று யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஆம்ப்ளிஃபயரில் பவர் சப்ளை கொஞ்சம் தளர்ந்தால் சத்தம் குறையும், இரைச்சல் கேட்கும். பாட்டின் சுருதி மாறாது. அனலாக் சிந்தசைசரில் அப்படி இல்லை. அங்கே சுருதியே வோல்ட்டேஜ்தான். சிந்தசைசர் முன்னோடியான மூக் வகுத்து மற்றவர்கள் பலரும் பின்பற்றிய கணக்குப்படி ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைஸ்வரம். ஆகவே ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி சுமார் 83 மில்லிவோல்ட். அதில் பத்து மில்லிவோல்ட் தடுமாறினாலே நல்ல காதுள்ளவன் முகம் சுளிப்பான். அந்தத் தடுமாற்றம் நொடிக்கு 100 தடவை நடந்தால் கமகம் மாதிரி எதுவும் கேட்காது, நாதம் கரகரத்துப்போகும். வாசிப்பவர் வந்து "சவுண்டு அழுக்கா இருக்கு" என்பார். அழுக்கு சவுண்டு போர்டில் இருப்பதில்லை, நான்கு போர்டு தள்ளி சப்ளையில் இருக்கும்.

1970-இல் வந்த மினிமூகுக்கு உள்ளே கூட்டல் பத்து, கழித்தல் பத்து வோல்ட். பின்னால் வந்த ஜப்பான் பெட்டிகள் பலவற்றில் கூட்டல் பதினைந்தும் கழித்தல் பதினைந்தும் இருக்கும்; அதோடு மூளைப் பகுதிக்குத் தனியாக ஐந்து. இந்த மூன்றையும் அளக்காமல் வேறு எந்த ஸ்க்ரூவையும் தொடக்கூடாது என்பது கடைச் சட்டம். ஜூனோ வகைப் பெட்டிகளில் ஸ்வரத்தை டிஜிட்டல் கடிகாரம் பிடித்துவைத்திருப்பதால் சப்ளை ஆடினாலும் சுருதி அவ்வளவாக ஆடாது. ஆனால் ஃபில்டரும் சத்தத்தின் அளவும் வோல்ட்டேஜை நம்பியே இருப்பவை. சுருதி சரியாக இருக்க நாதம் மட்டும் கெட்டிருந்தால், குரல் கொடுக்கும் ஐசி போய்விட்டது என்று அவசரமாக முடிவுகட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. கிடைக்காத ஐசியைத் தேடி மாதக்கணக்கில் அலைவதற்கு முன் கழித்தல் பதினைந்து பதினைந்தாகத்தான் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

பெட்டியை நேராகச் சுவரில் மாட்டுவதும் கிடையாது. டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே சீரிஸ் போர்டுதான்: வரும் மின்சாரத்தின் வழியில் ஒரு 60 வாட் குண்டு பல்பு. சுவிட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. கண்டன்சர்கள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஃபியூஸ் தொடர்ந்து போகிறது என்பதற்காகச் சிகரெட் டப்பாவின் ஜிகினாத் தாளைச் சுற்றிக் கொண்டுவந்த பெட்டிகள் எத்தனையோ. அந்தத் தாளை எடுத்துவிட்டு, சரியான ஃபியூஸைப் போட்டு, பல்பை நடுவில் வைத்தால்தான் வைத்தியம் தொடங்கும். திறந்த பெட்டியில் கரண்ட் இருக்கும்போது இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஒரு கையில் புகுந்து மறு கையால் வெளியேறும் ஷாக் நெஞ்சைக் கடந்துதான் போகும்.

அந்தக் காலத்தில் நான் அதிகம் கற்றது ஒரு மாலை நேரக் கோளாறிலிருந்து. ஒரு மெல்லிசைக் குழுவின் ஆறு குரல் கீபோர்டு. பகலில் கடையில் வைத்தால் குற்றமே இல்லை. கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் கச்சேரி தொடங்கிச் சிறிது நேரத்தில் உறுமத் தொடங்கும்; சுருதியும் இறங்கும். புல்லாங்குழல்காரர் கீபோர்டைக் குறை சொல்ல, கீபோர்டுக்காரர் குழலைக் குறை சொல்ல, இருவருக்கும் நடுவில் பாடுகிற பெண் மாட்டிக்கொண்டு தவிப்பார். உள்ளே ஏதோ டிரை சால்டர், சூடேறினால் விட்டுப்போகிறது என்று நான் எல்லா இணைப்புகளையும் திரும்பப் பற்றவைத்தேன். மாற்றமில்லை. "கோளாறு பெட்டியிலே இல்லேன்னா பெட்டி போற இடத்திலே இருக்கும்" என்று அண்ணன் மீட்டரோடு என்னை மண்டபத்துக்கு அனுப்பினார்.

மேடையின் பிளக் பாயிண்ட்டில் 170 வோல்ட் இருந்தது. தெரு முழுக்க விளக்கு, மண்டபம் முழுக்க சீரியல் பல்பு, அடுப்படியில் கிரைண்டர். அந்த நேரத்தில் அந்த வட்டாரத்தில் அவ்வளவுதான் வரும். கணக்குப் போட்டால் எல்லாம் விளங்கியது. 230 வோல்ட் வரும்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் ஃபில்டர் கண்டன்சரில் சுமார் 22 வோல்ட் நிற்கும் என்று வையுங்கள். அதைப் பதினைந்தாக இறக்கிக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டரின் வேலை. அந்த வேலையைச் செய்ய ரெகுலேட்டருக்குக் குறைந்தது இரண்டு வோல்ட்டாவது கூடுதலாக வேண்டும். 170 வோல்ட்டில் 22 என்பது 16 சொச்சமாகிவிடுகிறது. அலையின் பள்ளத்தில் இன்னும் கீழே. ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், நொடிக்கு நூறு முறை ஒவ்வொரு பள்ளமும் அப்படியே இசைக்குள் வந்துவிழும். கடைக்குத் திரும்பி, சப்ளையை, வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக்கில் மாட்டி மெல்ல இறக்கினேன். 180-ஐத் தாண்டியதும் மண்டபத்தில் கேட்ட அதே உறுமல். பகலில் நாள்கணக்கில் தேடியும் கிடைக்காத நோயை மேஜைமேல் வரவழைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

தீர்வு என்று ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். அது வேறொரு தொல்லையைக் கொண்டுவந்தது. ரிலே வைத்த ஸ்டெபிலைசர் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாறும்போது 'டக்' என்ற ஓசையோடு ஒரு கணம் மின்சாரத்தை விட்டுப் பிடிக்கும். குண்டு பல்பு சிமிட்டுவதோடு போய்விடும். சிந்தசைசரில் ஐந்து வோல்ட் அந்தக் கணம் சரிந்தால் மூளை திரும்ப முதலிலிருந்து தொடங்கும். பாட்டின் நடுவே அமைத்துவைத்த ஒலி மறைந்து ஏதோ ஒன்று வந்து நிற்கும். ஸ்டூடியோக்கள் சி.வி.டி. எனப்படும் கான்ஸ்டன்ட் வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளித்தன. அதற்கு ரிலே கிடையாது, விட்டுப்பிடிக்கும் கணமும் கிடையாது. ஆனால் அதுவே சூடாகும், அதுவே முனகும், தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் முடியாது. மெல்லிசைக் குழுவுக்கு அந்த ஐந்து வோல்ட்டின் ஃபில்டர் கண்டன்சரை அடுத்த அளவுக்கு மாற்றிக் கொடுத்தோம். ரிலே தாவும் இடைவெளியை அந்தச் சேமிப்பு தாங்கியது.

எந்தப் பெட்டியையும் திறந்ததும் கண் போகும் இடம் அந்தக் கண்டன்சர்கள்தான். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தொழிற்சாலையில் வடிவமைத்தவர் கண்டன்சரை ஹீட் சிங்க் ஓரமாக வைத்திருப்பார். நம் ஊர் மே மாதம் அதற்கு மேல் சேர்ந்துகொள்ளும். தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உப்பாமலே வற்றிப்போனதுதான் ஏமாற்றும். கூட்டல் பதினைந்தில் டிசி பார்த்தால் சரியாகப் பதினைந்து காட்டும். அதே இடத்தில் மீட்டரை ஏசிக்குத் திருப்பி, முள்ளை வெறும் டிசி ஏமாற்றிவிடாதபடி நடுவே ஒரு சின்ன கண்டன்சரைத் தொடராக வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். சில மில்லிவோல்ட்டில் அடங்க வேண்டியது அரை வோல்ட் காட்டும்.

ஷார்ட் கண்டுபிடிப்பது இன்னும் பொறுமையான வேலை. எல்லா போர்டின் கனெக்டரையும் கழற்றி, சப்ளையைத் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டும். சுமை இல்லாமல் நிறுத்திய சப்ளை பொய் சொல்லும் என்பதால் ஐந்து வோல்ட்டுக்கு ஆறு வோல்ட் மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு பல்பு, பதினைந்துக்குப் பத்து வாட் ரெசிஸ்டர் என்று பொய்ச் சுமை வைப்போம். சப்ளை தேறினால் போர்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுவது. எதை மாட்டியதும் வோல்ட்டேஜ் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அந்த போர்டில் பெரும்பாலும் துவரம்பருப்பு அளவில் ஒரு டான்டலம் கண்டன்சர் ஷார்ட்டாகியிருக்கும். ஒரே லைனில் இருபது டான்டலம் இருந்தால் எது? விரலால் தொட்டு, சுடுவதைத் தேடலாம். சுடாவிட்டால் செப்புத் தடத்தின் வழியே மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கரண்ட் ஓடும் வரை முள் மெல்ல மெல்ல நகரும். ஷார்ட்டைத் தாண்டிய பிறகு நகராது. அந்த இடத்தில் நிறுத்திப் பக்கத்தில் பார்த்தால் ஆள் அகப்படுவார்.

சப்ளை வாடிக்கையாளரின் வீட்டிலேயே கெடும் இன்னொரு வழி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். ஜப்பான் உள்நாட்டுப் பெட்டிக்கு 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டிக்கு 117. நம் கடைகளில் கிடைத்ததோ எல்லாவற்றுக்கும் பொதுவாக 110. ஜப்பான் பெட்டி எப்போதும் பத்து சதவீதம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஊர் தூங்கி, லைன் 240-க்கு ஏறினால் 115. கூடுதலாக வருவதையெல்லாம் ரெகுலேட்டர் சூடாக மாற்றித்தான் தள்ள வேண்டும். கண்டன்சர் வற்றுவதற்கு வழி அங்கேயே தொடங்குகிறது. ஒரு சிலர் ஸ்டெப்-டவுனை மறந்து நேரே 230-இல் மாட்டிவிட்டு, ஓடி வருவார்கள். ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம்.

கோயில் திருவிழாக்களில் இதைவிட மோசமானது நடக்கும். மூன்று ஃபேஸ் லைனில் பொது நியூட்ரல் எங்கோ ஓரிடத்தில் தளர்ந்துவிட்டால் சுமை குறைந்த ஃபேஸில் வோல்ட்டேஜ் 400-ஐ நோக்கி ஏறும். அரங்கத்தின் ஒரு பக்கம் விளக்குகள் மங்க, மறுபக்கம் கண்கூசும்படி எரிந்து அணையும். அப்படி ஒரு திருவிழாவிலிருந்து வந்த கீபோர்டின் டிரான்ஸ்ஃபார்மரில் முதல் சுற்று அறுந்ததாக மீட்டர் காட்டியது. மஞ்சள் டேப்பைப் பிரித்தபோது உள்ளே ஒளித்துவைத்திருந்த தெர்மல் ஃபியூஸ் கிடைத்தது. அது தன்னைக் கொடுத்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியிருந்தது. ரெகுலேட்டருக்கு அப்பால் ஒரு ஐசிகூடப் போகவில்லை.

தெர்மல் ஃபியூஸும் போய்ச் சுற்றும் கருகியிருந்தால் திரும்பச் சுற்ற வேண்டியதுதான். ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கிக்கொண்டு, சுற்றிக் கொடுப்பவரிடம் பழைய சுற்றைப் பிரித்து எண்ணிக் கணக்குப் பார்த்துத் தரச் சொல்வோம். அப்போதே 230-க்குச் சுற்றிவிட்டால் ஸ்டெப்-டவுன் தொல்லை ஒழிந்தது. ஒரு முறை அப்படிச் சுற்றி வந்த டிரான்ஸ்ஃபார்மரை மாட்டியதும், எல்லா வோல்ட்டேஜும் சரியாக இருந்தும், கீழ் ஸ்தாயியில் மெல்லிய ஒரு முனகல். நூறு இல்லை, ஐம்பது. ஆகவே கண்டன்சர் இல்லை. வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் நிற்கவில்லை; ஆகவே வால்யூமுக்குப் பின்னால்தான் நுழைகிறது. ஆம்ப்ளிஃபயர் ஒயரைக் கழற்றி ஹெட்ஃபோனில் கேட்டாலும் இருந்தது. எர்த் லூப்பும் இல்லை. மிஞ்சியது டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய காந்தப்புலம். ஸ்க்ரூவைத் தளர்த்தி அதை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டோம். தொண்ணூறு டிகிரியில் முனகல் அடங்கியது. புதிய கோரிலிருந்து கசிந்த புலம் அவுட்புட் ஒயர்களைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பைசா உதிரி செலவில்லாமல், காதை மட்டுமே மீட்டராக வைத்து முடிந்த வேலை அது.

இப்போது இந்தப் பெட்டிகளுக்குத் திரும்ப மவுசு வந்திருக்கிறது. எவரும் சீந்தாமல் பரணில் கிடந்தவை லட்சங்களில் விலை போகின்றன. கொண்டுவரும் இளைஞர்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். சர்க்யூட் படத்தை ஃபோனிலேயே காட்டுகிறார்கள். பாலிசிக்ஸின் மெமரி பேட்டரி கசிந்து போர்டை அரிக்கும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களோடு எனக்கு ஒரே ஒரு வழக்குதான். வாங்கியதும் எல்லாக் கண்டன்சரையும், எல்லா ரெகுலேட்டரையும் மாற்றிவிட வேண்டும் என்கிறார்கள். சிலர் சப்ளையையே தூக்கிவிட்டு ஸ்விட்ச் மோட் சப்ளை வைக்கிறார்கள். சூடும் எடையும் குறையும், உண்மைதான். ஆனால் நல்லதாகப் பார்த்து வைக்காவிட்டால், காதுக்கு எட்டாத வேகத்தில் அது எழுப்பும் இரைச்சல் வேறு ஏதாவது ஒரு வழியாக இசைக்குள் வந்துவிடும்.

சமீபத்தில் ஒரு பையன் கொண்டுவந்த எண்பதுகளின் கீபோர்டில் ஒரு கண்டன்சர்கூடப் பழையது இல்லை. எல்லாம் பளபளவென்று புதிது. சுவிட்ச் போட்டால் ஃபியூஸ் போகிறது. "சார், மாத்துறதுக்கு முன்னாடி இரைச்சல் மட்டும்தான் இருந்துச்சு" என்றான். சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. சப்ளையைப் பார்த்தேன். கூட்டல் பதினைந்தின் ரெகுலேட்டர் 7815. அதன் முதுகுத் தகடு கிரவுண்டு, நேராக சேஸிஸில் ஸ்க்ரூ போடலாம். பக்கத்தில் கழித்தல் பதினைந்துக்கு 7915. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இதன் முதுகுத் தகடு கிரவுண்டு அல்ல, உள்ளே வரும் கழித்தல் வோல்ட்டேஜ். இதற்கும் சேஸிஸுக்கும் நடுவே மைக்கா தகடு வைத்துத்தான் மாட்ட வேண்டும். பழைய மைக்கா உடைந்திருந்ததால் புதியதை வைக்காமலே மாட்டியிருக்கிறான். மைக்கா வைத்தேன், பல்பு மின்னி மங்கியது. மூன்று வோல்ட்டேஜும் வந்துவிட்டன. அவன் முதலில் சொன்ன இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது, கீழ் ஸ்தாயியில்.

பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துகிடந்தது. அவன் மாற்றாத ஒரே சாமான் அதுதான்.

இத்தனைக்கும் அந்தப் பையன் பற்றவைத்த இணைப்புகள் என்னுடையதைவிடச் சுத்தம். கை நல்ல கை. அளந்து பார்த்திருந்தால் பத்து ரூபாய் டயோடோடு முடிந்திருக்கும். அவன் அளப்பதற்குப் பதில் மாற்றினான். பழைய பொருள் எல்லாம் கெட்ட பொருள் என்று முடிவுகட்டிவிட்டால் எது கெட்டது என்று தேடத் தோன்றாது. நாற்பது வருடம் ஓடிய கண்டன்சர் ஒன்றைக் கழற்றும் முன் நான் அதன் ரிப்பிளை, அதாவது டிசியில் மிஞ்சும் ஏசியைப் பார்க்கிறேன். நன்றாக இருந்தால் விட்டுவிடுகிறேன். விடக்கூடாத இடத்தில் விடுவதில்லை: கசிந்தது, உப்பியது, மெமரி பேட்டரி, சுவர் மின்சாரம் நேராக வரும் பகுதியில் விரிசல் விட்டது, இவையெல்லாம் கேள்வியே இல்லாமல் வெளியே. மற்றவற்றுக்கு மீட்டர்தான் சொல்ல வேண்டும். டயோடை மாற்றிக் கொடுத்துவிட்டு, கழற்றி எறிந்த பழைய கண்டன்சர்களை வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். வைத்திருந்தான். இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தோம். பாதிக்கு மேல் நல்லவை. பையன் என் பேனாவை வாங்கி, அளவுகளைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தான்.